நாலாவது கையெழுத்து என்னுடையது

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குச் சாமியாரை, அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோவிலின் பங்குத்தந்தையை, அனுப்பி வைத்தோம். குமரிக் கடற்கரையில் ஒரு ஊர், பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2019 மே மாதம் வந்தவர், ஆறு வருஷம் இருந்துவிட்டார். எங்கள் பக்கம் மே மாதம் வந்தாலே மாற்றல் பேச்சுதான். ஆயர் (பிஷப்) இல்லத்துக் கடிதம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே, மீன் ஏலம் போடுகிற இடத்தில் யார் எந்தப் பங்குக்கு என்று முழுப் பட்டியலும் வந்துவிடும். எப்படித்தான் வருகிறதோ, பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். மாற்றலை நிறுத்தச் சொல்லி ஆயருக்கு எழுதிய மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். நாலாவது கையெழுத்து. எங்களில் சட்டம் படித்த தம்பி ஒருவன் திருச்சபைச் சட்டம் 522ஐத் தூக்கிக்கொண்டு வந்தான். பங்குத்தந்தைக்கு நிலைத்தன்மை வேண்டும், காலவரையறை இல்லாமல் நியமிப்பதுதான் பொதுவழி, ஆயர் பேரவை அனுமதித்தால்தான் இத்தனை வருஷம் என்று கணக்கு வைக்கலாம் என்பது அதன் சாரம். அதே புத்தகத்தில் 1748வது சட்டம், ஆன்மாக்களின் நலனுக்கோ திருச்சபையின் தேவைக்கோ ஒரு பங்குத்தந்தையை வேறு பங்குக்குப் போகச் சொல்லி ஆயர் கேட்கலாம் என்கிறது. அந்தப் பக்கத்தை அவன் திருப்பவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆயர் இல்லத்துக்குப் போக இரண்டு வேன் பேசி முடித்த அன்று ராத்திரி சாமியார் எங்கள் நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டார். திட்டுவார் என்று போனால் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். "நீங்க அங்க போய் நின்னு கத்திட்டு வந்தா, அடுத்து வர்ற சாமியார் எந்த முகத்தோட இங்க வந்து இறங்குவார்?" என்று கேட்டார். யாருக்கும் பதில் இல்லை. வேனுக்குக் கொடுத்த அட்வான்ஸும் திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

அவர் மேல் எங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்றால், வந்த மறு வருஷமே கொரோனா. 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர். கோவில் பூட்டியிருக்கிறது, உள்ளே அவரும் கோவில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையும் மட்டும். கோபுரத்து ஒலிபெருக்கியில் பூசை கேட்க, நாங்கள் அவரவர் வீட்டு வாசலில் நின்று பதில் சொன்னோம். ஒரு தெரு சொல்லி முடிக்கும்போது அடுத்த தெரு ஆரம்பிக்கும், ஒரே குழப்பம், ஆனால் அந்தப் பூசையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடலுக்குப் போக முடியாத அந்த மாதங்களில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அரிசிப் பை இருட்டின பிறகுதான் போகும்.

அதற்காக அவர் புனிதர் ஒன்றும் இல்லை. கோபக்காரர். பாடகர் குழுவில் ஒரு பையனை எல்லார் முன்னாலும் வெளியே போகச் சொன்னார், அவன் ஒரு வருஷம் கோவில் பக்கமே வரவில்லை. பந்து விளையாடுகிற மைதானத்துச் சாவி விஷயத்தில் இளைஞர்களோடு அவர் போட்ட சண்டையில் தப்பு அவர் பக்கம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இனி விழா. பூசை முடிந்து பதினொரு பேர் பேசினார்கள். ஒவ்வொரு அன்பியமும் (பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) ஒரு பொன்னாடை, ஒவ்வொரு சபையும் ஒரு பொன்னாடை, மே மாத வெயிலில் அந்த மனுஷர் சால்வைக்குள் அவிந்துகொண்டிருந்தார். இதை எப்போது நிறுத்தப் போகிறோம்? அத்தனை சால்வையும் கடைசியில் எங்கே போகிறது என்று யாராவது ஒரு சாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

கடைசியில் அவர் எழுந்து சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கவிதை வாசிக்கப் போகிறார் என்று நினைத்தோம். கணக்கு வாசித்தார். திருவிழா மிச்சம் இவ்வளவு, கூரை வேலைக்குப் பாக்கி இவ்வளவு, யாருக்குக் கொடுக்க வேண்டும், நிதிக்குழுவில் எந்த நோட்டில் அது இருக்கிறது என்று ஒவ்வொன்றாக. பிறகு அந்தப் பாடகர் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "உன்னை அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா" என்றார். கோவில் அப்படியே அடங்கிப் போனது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாவி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் சொன்னதுதான் பல பேருக்குக் கசந்தது. "கல்யாணம், ஞானஸ்நானம்னு என்னைக் கூப்பிடாதீங்க. இனி இங்க ஒரு கல்யாணத்தை நான் நடத்தணும்னா உங்க புது பங்குத்தந்தை எனக்கு அதிகாரம் கொடுக்கணும். அவரை அந்தச் சங்கடத்துல மாட்டாதீங்க." முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப என் அடக்கத்துக்கும் வர மாட்டியளா சாமி?" என்று அங்கேயே கேட்டுவிட்டார். "அதுக்கு வருவேன் பாட்டி, ஆனா அவசரம் காட்டாதீங்க" என்றார் இவர். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பைபிளில் திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். எபேசு சபை மூப்பர்களை மிலேத்துக்கு வரவழைத்துப் பவுல் விடைபெறுகிற இடம். மூன்று வருஷம் கண்ணீரோடு அறிவுரை சொன்னேன் என்கிறார், யாருடைய பொன்னுக்கும் வெள்ளிக்கும் துணிக்கும் ஆசைப்படவில்லை என்கிறார், என் தேவைக்கும் என்னோடு இருந்தவர்கள் தேவைக்கும் இந்தக் கைகளே உழைத்தன என்கிறார். அதுவும் கணக்குதான். பிறகு எல்லாரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், கப்பல் வரை போய் வழியனுப்புகிறார்கள். அவரைப் போகவிடக் கூடாது என்று யாரும் மனு எழுதியதாக அங்கே இல்லை.

நாற்பது வருஷம் ஒரே ஊரில் இருந்த சாமியார்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்திருக்கிறார்கள். புனிதராகக் கொண்டாடப்படும் ஜான் மரிய வியான்னி 1818இல் பிரான்ஸில் ஆர்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பங்குச் சாமியாராகப் போய் 1859இல் சாகும்வரை அங்கேயேதான் இருந்தார். ஆனால் அவரே ஒன்றுக்கு மேற்பட்ட முறை அந்த ஊரை விட்டு ஓடிப் போகப் பார்த்தவர், மக்கள் விடவில்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். 2017 ஒக்கிப் புயலில் இங்கே இருந்தவர் வேறு சாமியார். கரை திரும்பாத ஆட்களின் பட்டியலை வீடு வீடாகப் போய் எழுதியவர், அதிகாரிகளிடம் நின்று சத்தம் போட்டவர். அவர் மாறிப் போனபோதும் இனி இந்த ஊர் அவ்வளவுதான் என்று அழுதோம். ஊர் இருக்கிறது. அழுகை தப்பில்லை. ஆனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக, அண்ணன் தம்பி சொத்துத் தகராறைத் தீர்க்க, பள்ளிக்கூடத்தில் சீட் கேட்க, கலெக்டரிடம் மனுக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் ஒரு சாமியாரை முன்னால் தள்ளிப் பழகிவிட்டோம். அவர் பெட்டியைக் கட்டியதும் நமக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. பங்கு விஷயங்களைச் சாமியாரோடு பேச ஊர்க்காரர்கள் உட்காரும் பங்குப் பேரவை என்று ஒன்று இருக்கிறதே, அதில் நானும்தானே இருக்கிறேன்? ஆறு வருஷத்தில் நான் அங்கே வாய் திறந்து பேசியது பெரும்பாலும் திருவிழாப் பந்தலைப் பற்றித்தான்.

சாமியார் தரப்பையும் யோசிக்க வேண்டும். அறுபது தாண்டிய மனுஷர், சர்க்கரை உண்டு, இனி புது ஊர், புது சமையல், புது சண்டை. போகும்போது இரண்டு பெட்டி, நாலு அட்டைப்பெட்டி புத்தகம். கொண்டுபோய் விட்ட எங்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் சாப்பாடு போட்டார்கள். ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆள் எப்படி?" என்று கேட்டார். கோபக்காரர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இங்கே புது சாமியார் செவ்வாய்க்கிழமை பொறுப்பேற்றார். சின்ன வயசு. முதல் பிரசங்கமே முப்பத்தைந்து நிமிஷம். பழையவர் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார். முடிந்து வெளியே வந்தவரிடம் போய், மைதானத்துச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று பேச வேண்டும் சாமி என்றேன். சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்.