சந்தேகத்தைக் கிளப்பினால் யாருக்கு லாபம்?

பருவநிலை மாற்றமே விஞ்ஞானிகள் ஆராய்ச்சிப் பணத்துக்காகக் கிளப்பிவிட்ட கதை என்று சிலர் சொல்வதைக் கேட்டால் மனசு ஆறவில்லை. சரி, பணம்தான் காரணம் என்றால் எண்ணெய் கம்பெனிகளிடம் இல்லாத பணமா? கரியமில வாயுவால் பூமி சூடாகும் என்று எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானியே 1977ல் மேலிடத்துக்கு எடுத்துச் சொன்னார், அப்புறமும் அதே நிறுவனம் பல வருடம் மக்களிடம் சந்தேகத்தை வளர்க்கத்தான் செலவு செய்தது.

2015 டிசம்பரில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், ஃபிரிட்ஜ் மிதந்தது. வடிந்தபின் சுவரில் சேற்றுக் கோடு. 2023 மிக்ஜாம் புயலில் அதற்கு நாலு விரல் கீழே இன்னொரு கோடு. மழையை மட்டும் குறை சொல்ல மாட்டேன், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குப்பையையும் கட்டடங்களையும் நிரப்பிவிட்டு, தண்ணீர் எங்கே போகும்? எந்தக் கட்சி ஆண்டாலும் இது நிற்கவில்லை. அங்கே கட்ட யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதையும் கேளுங்கள்.