தெரிந்தும் தெரியாதென்று சொல்பவர்கள்

"அவர் யாருக்கும் எதையும் சொல்லித் தரமாட்டார்" என்ற பெயர் அலுவலகத்தில் ஒருவருக்கு ஒருமுறை விழுந்துவிட்டால் எளிதில் மாறுவதில்லை. எதை மறைத்தார் என்பதைவிட எப்படி மறைத்தார் என்பதை வைத்தே அந்தப் பெயர் அமைய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேத்தரின் கானெலி, டேவிட் ஸ்வைக் உள்ளிட்டோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, கேட்ட பிறகும் சொல்லாமல் மறைப்பதில் மூன்று வகைகளைக் கண்டது. அரைகுறையாகச் சொல்லி நழுவுவது ஒன்று, தெரியாததுபோல் நடிப்பது மற்றொன்று, காரணம் சொல்லி மறுப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை மற்றவற்றோடு சேர்த்துப் பழிப்பது நியாயமில்லை. "இந்தச் சம்பள விவரத்தைத் தர எனக்கு அனுமதியில்லை" என்பவர் நம்மிடம் உண்மையைத்தான் சொல்கிறார். தெரியாது என்று கைவிரித்தவரோ, அடுத்த கூட்டத்தில் மேலாளர் முன்னிலையில் அதே விஷயத்தைச் சரளமாக விளக்கும்போது, தகவல் கிடைக்காத வருத்தத்தைவிட ஏமாற்றப்பட்டோம் என்ற வலியே கேட்டவருக்கு மிஞ்சுகிறது.

உதவியின் தோற்றத்தில் வரும் மறைப்பை நாம் கவனிப்பதே இல்லை. மாதாந்திர அறிக்கையைத் தயாரிக்கக் கற்றுத் தருமாறு புதியவர் கேட்கிறார். "நீங்க சிரமப்படாதீங்க, நானே முடிச்சு அனுப்புறேன்" என்கிறார் மூத்தவர். வந்து சேரும் எக்செல் கோப்பில் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் ஃபார்முலா இருப்பதில்லை, வெறும் எண்கள்தான் இருக்கின்றன. அடுத்த மாதமும் புதியவர் அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்க, சுற்றியுள்ளவர்களோ மூத்தவரின் நல்ல மனத்தைப் பாராட்டுகிறார்கள். அதே நேரத்தில், வேலைப்பளுவால் உடனே பதில் சொல்ல முடியாதவரும், கைவந்த வேலையை வார்த்தையில் விளக்கத் தெரியாதவரும் கர்வம் பிடித்தவர்கள் என்று பெயர் வாங்குகிறார்கள்.

மறைப்பவருக்கும் இதில் இழப்பு உண்டு. மதேய் செர்னேயும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மறைத்தவர்மீது நம்பிக்கை இழந்த சக ஊழியர்கள் தாங்களும் தகவல் தர மறுக்க, மறைத்தவரின் படைப்பாற்றலே குறைகிறது. ஊழியர்களை ஒருவரோடொருவர் மோதவிடும் சூழலில் இந்தப் பாதிப்பு கூடுகிறது. கற்றலை மதிக்கும் சூழலில் தணிகிறது. மற்றவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார் என்ற கேள்விக்கு ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு வரிகூட ஒதுக்காத நிர்வாகம், பிறகு ஊழியர்களின் குணத்தைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.