நான் வரவில்லை, வண்டி வந்தது

2019 ஃபார்முலா ஒன் கார் பந்தயத் தொடரில் ஆஸ்திரியப் பந்தயம் முடிந்த இரவிலிருந்து இந்தக் கேலி ஓயவில்லை. "ஃபெராரிக்காரர்களுக்குக் கனடாவில் அழுதது போதவில்லையா?" என்று நண்பர் ஒருவர் என் பெயரையும் கோர்த்து எழுதியிருக்கிறார். அவருக்கு அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் நீண்டுவிட்டதால் என் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

கனடா பந்தயத்தில் ஃபெராரி ஓட்டுநர் வெட்டல்தான் முதலில் கோட்டைக் கடந்தார்; ஆனால் தடத்தை விட்டு விலகி, பாதுகாப்பற்ற முறையில் திரும்பினார் என்று நடுவர்கள் அவருடைய நேரத்தில் ஐந்து விநாடிகளைக் கூட்டியதால், வெற்றி மெர்சிடிஸின் லூயிஸ் ஹாமில்டனுக்குப் போனது. நான் சொல்வது ஒன்றுதான். 2019 ஜூன் 9 அன்று கனடாவின் மாண்ட்ரியாலில் செபாஸ்டியன் வெட்டல் பாதுகாப்பற்ற முறையில் தடத்துக்குத் திரும்பவில்லை. அவர் திரும்பவே இல்லை. புல்லில் வழுக்கிய கார் அவரைக் கொண்டுவந்து தடத்தில் போட்டது. திரும்புவது என்பது ஓட்டுநர் முடிவெடுத்துச் செய்கிற காரியம். முடிவெடுக்கவே வழியில்லாத ஒருவருக்கு, தவறாக முடிவெடுத்தார் என்று தண்டனை கொடுத்திருக்கிறார்கள்.

70 சுற்றுப் பந்தயத்தின் 48ஆவது சுற்றில், ஹாமில்டன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வர, மூன்றாம் வளைவில் வெட்டலின் பின்சக்கரங்கள் பிடி இழந்தன. கார் புல்லைக் குறுக்காகக் கடந்து நான்காம் வளைவுக்கு அப்பால் மீண்டும் தாரில் ஏறியது; டயர்களில் புல்லும் மண்ணும் ஒட்டியிருக்க, ஸ்டீயரிங்கில் அவருடைய கைகள் போராடுவதைக் காருக்குள்ளிருந்து எடுத்த காட்சியில் எல்லோரும் பார்த்தோம். வலப்பக்கம் சுவர், இடையில் ஹாமில்டன். ஹாமில்டன் பிரேக் போட்டார். போட்டிருக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. அந்த வேகத்தில் வெட்டல் காரை எங்கே நிறுத்தியிருக்க முடியும் என்பதுதான் என் கேள்வி. இதற்கு இதுவரை எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த ஆண்டின் பந்தய விதி 27.3 தெளிவாக இருந்ததே என்கிறார்கள். தெளிவாகத்தான் இருந்தது: தடத்தை விட்டு விலகியவர் பாதுகாப்பாக இருக்கும்போது மட்டுமே திரும்ப வேண்டும். காத்திருக்க முடிந்தவருக்குத்தான் அந்த விதி பொருந்தும். 2018இல் ஜப்பானின் சுசுகாவில் வெர்ஸ்டாப்பனுக்கும் இதே ஐந்து விநாடிகள் கொடுத்தார்களே என்றால், அங்கே ரைக்கோனனின் காரோடு மோதல் நடந்தது. இங்கே உரசல்கூட இல்லை. அதைவிட 2016 மொனாக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத் தடத்தில் சிக்கேனை (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவுகளை) தவறவிட்டுத் திரும்பிய ஹாமில்டன், ரிக்கார்டோவைச் சுவரோரம் நெருக்கினார்; ரிக்கார்டோ வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. தண்டனை இல்லை. அன்றைக்கு அது சரியென்றால் மாண்ட்ரியாலும் சரிதான்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2012 ஐப்பசி மழையில், செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் என் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் தாரை விட்டு ஓரச் சேற்றில் இறங்கிவிட்டது. பிரேக்கைத் தொட்டால் விழுவேன். கைப்பிடியைத் திருப்பினாலும் விழுவேன். ஒன்றும் செய்யாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மூன்று விநாடிகளில், வண்டி தானாகவே சாலையில் ஏறி எதிரே வந்த பேருந்துக்கு நேராகப் போனது. ஓட்டுநர் பேருந்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "ஏன் தம்பி குறுக்க வந்த?" என்று கத்தினார். "நான் வரலைண்ணே, வண்டி வந்துச்சு" என்றேன். அவர் சேற்றில் பதிந்திருந்த சக்கரத் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் வண்டியேறிப் போய்விட்டார். அவருக்கு அந்தத் தடம் போதுமானதாக இருந்தது.

மாண்ட்ரியாலில் நடுவர்களுக்கு அதைவிட நூறு மடங்கு தடயங்கள் இருந்தன. எனினும், மறுபரிசீலனை கேட்டு ஃபெராரி அடுத்த பந்தயம் நடந்த பிரான்சில் போய் நின்றபோது, ஜூன் 21 அன்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஸ்கை தொலைக்காட்சிக்காக நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் செய்த காணொளி அலசலையும் ஃபெராரி கொண்டுபோயிருந்தது. அது புதிய ஆதாரம்தான், ஆனால் மூன்றாம் நபரின் சொந்தக் கருத்து என்று ஒதுக்கினார்கள். சட்டப்படி அதில் தவறு காண முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை வைத்துச் சந்தோக்கைக் கிண்டலடித்து நம்மவர்களே எழுதியதைப் படித்தபோது மனம் நொந்தது. 2010இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டியவர் அவர். நடுவர்களில் ஒருவரான பிர்ரோவும் லே மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்தை ஐந்து முறை வென்றவர். பிர்ரோவைத் தனிப்பட்ட முறையில் ஏசுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர் அனுபவமில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அன்றைய முடிவு பிழை என்கிறேன்.

நேரத் தண்டனைகளில் ஐந்து விநாடிகள்தான் ஆகக் குறைந்தது என்று சமாதானம் சொல்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். வெட்டல் 1.342 விநாடி முன்னால் கோட்டைக் கடந்தார், ஐந்து விநாடியைக் கூட்டியதும் தாளில் 3.658 விநாடி பின்தங்கினார். 25 புள்ளிகள் 18 ஆயின. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பத்துச் சுற்றுகளுக்கு மேல் மீதமிருக்கும்போதே தண்டனையை அறிவித்துவிட்டதால், ஹாமில்டன் முந்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது. ஐந்து விநாடிக்குள் பின்தொடர்ந்தாலே போதும் என்றாகிவிட்டது. அந்த ஆண்டு முதல் ஆறு பந்தயங்களையும் மெர்சிடிஸே வென்றிருக்க, இருவர் முடிவு தெரியாமல் மோதிக்கொண்டிருந்த நேரம் அது. அதை ஒரு காகிதத்தால் முடித்துவிட்டார்கள்.

நான் ஃபெராரி ரசிகன் என்பதால் இப்படிப் பேசுகிறேன் என்று சொல்கிற நண்பருக்கு: ஆஸ்திரியாவில் முடிவுக்கு மூன்று சுற்றுகள் இருக்கையில் வெர்ஸ்டாப்பன் ஃபெராரி ஓட்டுநர் லெக்லேரை உரசி வெளியே தள்ளி வென்றார். தோற்றது ஃபெராரி. மணிக்கணக்காக விசாரித்துத் தண்டனை இல்லை என்றார்கள். அது சரியான முடிவு என்று அன்றிரவே எழுதினேன். என் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதை நீங்கள் படிக்கவே இல்லை. படிக்காமலேயே அழுகிறவன் என்று எழுதினீர்கள். பத்து வருடப் பழக்கத்தில் என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதானா?

எண்பதுகளில் என்னைத் தோளில் ஏற்றிச் சென்னைக்குப் பக்கத்திலுள்ள சோழவரம் கார் பந்தயத்துக்குக் கூட்டிப்போனவர் என் அப்பா. கனடா பந்தயம் நம் நேரத்துக்கு இரவு 11.40க்குத் தொடங்கியதால், வெட்டல் முதலிடத்தில் ஓடுவதைப் பார்த்துவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார். நான் ஒரு மணி தாண்டியும் உட்கார்ந்திருந்து, முதலிரு இடக் கார்களுக்கு முன்னால் வைக்கும் ஒன்று, இரண்டு என்று எழுதிய பலகைகளை வெட்டல் நடந்துபோய் இடம் மாற்றி வைத்ததைப் பார்த்தேன். ஹாமில்டனைக் கூச்சலிட்டு அவமதிக்காதீர்கள் என்று மேடையிலிருந்து அவரே கூட்டத்தைக் கேட்டுக்கொண்டதையும் பார்த்தேன். காலையில் அப்பா காபியோடு வந்து, "யாருப்பா ஜெயிச்சது?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது.