வரைபடம் முடிந்த பிறகு கேட்கப்படும் கருத்து

சென்னையில் குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய குடியிருப்பு ஒன்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்றால், அந்தச் செய்தி அங்கே குடியிருப்பவருக்குப் பெரும்பாலும் முடிந்த முடிவாகவே வந்து சேர்கிறது. எத்தனை மாடி, வீட்டுக்கு எத்தனை சதுர அடி, படிக்கட்டு எங்கே, லிப்ட் எங்கே என்பதெல்லாம் தீர்மானமாகி, நிதியும் ஒதுக்கப்பட்ட பிறகுதான் ஷாமியானா போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள். அங்கே எழும் கேள்வி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வரைபடத்தில் ஒரு கோடுகூட நகராது. கோடு நகர வேண்டுமானால் மதிப்பீட்டைத் திருத்த வேண்டும், மதிப்பீட்டைத் திருத்தினால் கோப்பு மறுபடியும் மேலே போய் வர வேண்டும், அதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும். நல்ல மனம் படைத்த பொறியாளர்கூட அந்த நிலையில் தலையாட்டிக் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. தாலி கட்டி முடிந்த பிறகு பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பது போன்ற இந்த ஏற்பாட்டை மாற்றாமல், கூட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

இந்தக் குடியிருப்புகள் எப்படி வந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற அண்ணாவின் வாசகம் அதன் முழக்கமாக இருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு அடுக்குக் கட்டடங்களை எழுப்பி, அதே மக்களை அங்கேயே குடியமர்த்தியது அந்தக் காலத்தில் நாட்டுக்கே முன்னோடியான செயல். பின்னாளில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்கு மக்களை அனுப்பிய கதை தனி; அதை இங்கே விரிக்கப் போவதில்லை. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்கு சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. பழைய அடுக்குகளை இடித்துக் கட்டியே தீர வேண்டும் என்பதில் அதன் பிறகு யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. இடைக்காலத்தில் வெளியே வாடகைக்குப் போகும் குடும்பங்களுக்கான கருணைத் தொகையும் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அட்வான்ஸ் கொடுக்கவே போதாத தொகைதான் என்றாலும், உயர்வு உயர்வுதான்.

கட்டடம் தலையில் விழும் நிலையில் இருக்கும்போது ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கடற்காற்றும் ஒழுகும் குழாயும் ஒரு கட்டடத்தை ஓரிரவில் அரிப்பதில்லை. கம்பி துருப்பிடித்து வெளியே தெரிவது, மேல்தளப் பூச்சு பெயர்வது, கழிவறைச் சுவரில் ஈரம் ஏறுவது எல்லாம் பல ஆண்டுகள் நடப்பவை. அந்த ஆண்டுகளில் மனுக்களை எழுதியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான். முதல் மனு வந்தபோதே பேச்சைத் தொடங்கியிருந்தால், கடைசியில் அவசரம் என்ற சொல்லைச் சொல்ல வேண்டிய நிலையே வந்திராது.

இதே நகரத்தில் வேறொரு வகைக் குடியிருப்பாளருக்குச் சட்டம் என்ன தருகிறது என்று பாருங்கள். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட அதன் உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் தேவை. கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சான்றளிக்கப்பட்டால் மட்டுமே விதிவிலக்கு. எனவே அண்ணா நகரிலோ அடையாறிலோ சொந்த வீடு வைத்திருப்பவரிடம் கட்டுமான நிறுவனம் முதலில் வரைபடத்தையும் வாக்குறுதிகளையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறது, அவர் பேரம் பேசுகிறார், கையெழுத்தைக் கடைசியாகப் போடுகிறார். நாற்பது ஆண்டுகள் வாரிய வீட்டில் வாழ்ந்து, தவணை கட்டி, இன்னும் கிரயப் பத்திரம் கைக்கு வராத குடும்பத்துக்கு அந்தப் பேரம் பேசும் இடம் கிடைப்பதில்லை. பத்திரம் இல்லாதவருக்குச் சொத்தில் பங்கு குறைவு என்று வாதிடலாம். ஆனால் தான் வாழும் இடம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்வதற்குப் பத்திரம் எதற்கு?

லண்டனில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அங்கே சதக் பகுதியில் இருந்த ஹெய்கேட் குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. குடியிருந்தவர்கள் பல திசைகளுக்குச் சிதறினார்கள், அந்த இடத்தில் எழுந்த புதிய கட்டடங்களில் பழைய வாடகை நிலையில் கிடைத்தவை மிகச் சிலவே. இத்தகைய கசப்புகளுக்குப் பிறகு, 2018 ஜூலை முதல், மேயரின் நிதியைப் பெற்று, குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூக வாடகை வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டும் திட்டங்களுக்குக் குடியிருப்போரின் வாக்கெடுப்பு கட்டாயமாக்கப்பட்டது. சொந்தக்காரர் மட்டுமல்ல, வாடகைக்காரரும் வாக்களிக்கலாம். 16 வயது ஆனாலே போதும். வாக்கெடுப்புக்கு முன்பாக, எத்தனை வீடுகள், என்ன வகை, திரும்பி வரும் உரிமை யாருக்கு, இழப்பீடு எவ்வளவு என்பதை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். வாக்கைவிட அந்த எழுத்துமூல வாக்குறுதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நம் ஊரில் திரும்பி வரும்போது யாருக்கு எந்தத் தளம் என்பதே கடைசி நாள் குலுக்கல் வரை தெரிவதில்லை.

அண்மையில் இப்படியொரு கூட்டத்தில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். இஸ்திரி வண்டி வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மா எழுந்து, "சார், வீடு பெருசா வருதுன்னு சொல்றீங்க, சந்தோஷம். எட்டாவது மாடியில குடுத்தா என் வண்டிய எங்க நிறுத்துவேன்? கரி அடுப்ப லிப்டுல ஏத்த விடுவாங்களா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். கேள்வியோ மிகத் துல்லியமானது. பழைய அடுக்கில் தரைத்தளம் என்பது வெறும் தளம் அல்ல. காலையில் இட்லிக் கடை, பகலில் தையல் இயந்திரம், மாலையில் பஜ்ஜி வண்டி, மழை வந்தால் மீன்பாடி வண்டிக்கு நிழல் என்று பத்துக் குடும்பங்களின் வருமானம் அங்கே நடக்கிறது. புதிய வரைபடத்தில் அதே தரைத்தளம் வாகன நிறுத்துமிடம் என்று குறிக்கப்பட்டிருந்தது. லிப்ட் பழுதானால் யார் பணம் கொடுப்பது, தண்ணீர் மேலே ஏறாத நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை படி ஏறுவது என்ற கேள்விகளும் அடுத்தடுத்து வந்தன. எல்லாவற்றையும் ஓர் இளம் பொறியாளர் குறிப்பேட்டில் மரியாதையாகக் குறித்துக்கொண்டார். அடித்தளம் தோண்டும் தேதி அந்தக் கூட்டத்திலேயே அறிவிக்கப்பட்டது.

மெரினா லூப் சாலை விவகாரமும் இதே வகைதான். நொச்சிக்குப்பத்து மீனவர்கள் வீட்டு வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்த இடத்தின் வழியாகச் சாலை வந்தது. பின்னர் அந்தச் சாலைக்கு மீன் கடைகள் இடையூறு என்று ஆனது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் கடைகளை அகற்றப் போனபோது குப்பமே திரண்டு போராடியது. 2024 ஆகஸ்டில் 366 கடைகளுடன் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி கட்டியது தவறில்லை. கட்டுமரத்திலிருந்து இறங்கும் மீன் எந்த நேரத்தில், யார் கையில், எந்த வழியாக விற்பனைக்கு வருகிறது என்பதை மீன் விற்கும் பெண்களோடு அமர்ந்து சாலை போடும் முன்பே பேசியிருந்தால், வழக்கும் மறியலும் இல்லாமல் போயிருக்கலாம்.

சட்டத்தில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழு, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி நாளன்று, பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே அமர்ந்தார். சென்னையின் 200 வார்டுகளிலும் வார்டுக்குப் பத்துப் பகுதிகள் என்று வகுத்தார்கள். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் பகுதிப் பிரதிநிதியை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றமே நியமிக்கிறது. கவுன்சிலர் தலைமையில், கவுன்சிலருக்கு வேண்டியவர்கள் கூடி, கவுன்சிலரிடமே கோரிக்கை வைக்கும் கூட்டமாக அது சுருங்கிவிடும் ஆபத்து இந்த ஒரே விதியில் இருக்கிறது. கூட்டம் நடந்தாலும் குப்பை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வார்டில் வரப்போகும் பெரிய திட்டத்தின் வரைபடம் அந்த மேசைக்கு வருவதே இல்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லாமல் சென்னை 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை இருந்ததை நாம் எளிதாக மறந்துவிட்டோம். தி. நகரின் சீர்மிகு நகரத் திட்டப் பணிகளில் பெரும்பகுதி நடந்தது அந்த இடைவெளியில்தான். பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. எனக்கு அந்த நடைபாதை பிடிக்கும். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சமின்றி நடக்க முடிகிறது. ஆனாலும் 2021 நவம்பர் மழையில் தி. நகர் மூழ்கியபோது, அத்தனை கோடிகளுக்கும் மக்களிடம் பதில் சொல்ல வேண்டிய கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. பின்னர் விசாரணைக்கு ஒரு நபர் ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று.

மக்கள் பங்கேற்பு என்றாலே நல்லது நடந்துவிடும் என்ற மயக்கமும் எனக்கில்லை. வசதியான பகுதிகளின் நலச் சங்கங்கள் ஆங்கிலத்தில் அழகாக மனு எழுதும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும். அவற்றின் முதல் கோரிக்கை பல நேரங்களில் தெருவோரக் கடைகளை அகற்று என்பதாகவே இருக்கும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இதை உணர்ந்துதான், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகளுக்கு என்று வைத்தது. பகுதி சபைக்கும் இத்தகைய ஏற்பாடு வேண்டும்.

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரைதான். 2046 வரைக்கான மூன்றாவது திட்டம் அடுத்தது. வரைவுத் திட்டத்தின் மீது ஆட்சேபம் தெரிவிக்க நகர் ஊரமைப்புச் சட்டம் குறைந்தது இரண்டு மாதங்கள் தருகிறது. ஆயிரக்கணக்கான பக்கங்களையும் வண்ண வரைபடங்களையும் புரிந்துகொள்ள வியாசர்பாடிக்காரருக்கு இரண்டு மாதம் போதாது. ஆகவே அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் வார்டைத் தொடும் எல்லாத் திட்டங்களின் வரைபடமும் டெண்டருக்கு முன்பே தமிழில், தெருப்பெயர்களோடு அந்தக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும் என்று கோருங்கள். கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான்.