எட்டு நாற்பதில் நிற்காத கடிகாரம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் பேசிய பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்தேன். முடியவில்லை. “கல்யாணம் ஆகாமல் வயசானால் மிஸ் ஹாவிஷாம்தான்” என்று அவர் மைக்கில் சொன்னார். சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருந்தார்கள்.

சரி, விக்டோரியா காலத்தையே பேசுவோம். கல்யாண நாளன்று மாப்பிள்ளை கைவிட்ட நேரமான எட்டு நாற்பதுக்குக் கடிகாரங்களை நிறுத்திவிட்டு, பழுப்பேறிய கல்யாண உடுப்பில், ஒற்றைக் கால் ஷூவோடு உட்கார்ந்திருக்கும் ஹாவிஷாமை 1860-இல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் டிக்கன்ஸ் கொண்டுவந்தார். மறக்க முடியாத பாத்திரம்தான். ஆனால் அதற்கு ஒன்பது வருடம் முன்பே, அதே டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில்தான் எலிசபெத் காஸ்கெலின் ‘கிரான்ஃபோர்ட்’ நாவல் வர ஆரம்பித்தது. அதன் மிஸ் மாட்டி ஏன் எந்த மைக்கிலும் வருவதில்லை?

மாட்டிக்குக் கல்யாணம்தான் ஆகவில்லை. காதல் இருந்தது. அவளைக் காதலித்த ஹோல்புரூக்கின் அந்தஸ்து அவள் அப்பாவுக்கும் அக்காவுக்கும் போதவில்லை, அவ்வளவுதான். கிழவியான பிறகு அவர் இறந்த செய்தி வருகிறது. யார் முன்னாலும் அவள் அழவில்லை. தொப்பி தைப்பவளிடம், ஊரில் ஓர் அம்மாள் போடுகிற மாதிரி தனக்கும் வேண்டும் என்கிறாள். அது விதவைத் தொப்பியாச்சே என்கிறாள் அவள். சும்மா, கிட்டத்தட்ட அந்த மாதிரி என்று மழுப்புகிறாள் மாட்டி. அப்புறம், வேலைக்காரி மார்த்தாவைப் பார்க்கக் காதலன் வரலாம் என்று தானே அனுமதி கொடுக்கிறாள். கசந்துபோனவள் செய்கிற காரியமா இது?

“ஜோக்குதானே” என்பீர்கள். 1862-இல் டபிள்யூ. ஆர். கிரெக் என்பவர் கல்யாணமாகாத பெண்களை உபரி என்று எழுதி, கப்பலேற்றிக் காலனிகளுக்கு அனுப்ப யோசனை சொன்னார். அவர் ஜோக்கடிக்கவில்லை. “காஸ்கெலும் மாட்டிக்குக் கல்யாணம் செய்துவைக்கவில்லையே?” நியாயமான கேள்வி. இன்னொரு நாள் பார்க்கலாம்.

எனக்கு ஐம்பத்தொன்று. ஆறு வருடம் முன்பு, பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர். மீசை நரைத்திருந்தது, முகம் அதேதான். நான் இறங்கவில்லை. ஆபீசில் பல்வலி என்றேன். ஒரு வாரம் பூ வைக்கவில்லை. “ஏம்மா, நாலு நாளா வேணாங்குற?” என்று பூக்காரம்மா மட்டும் கேட்டார். வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். வீட்டுக் கடிகாரம் அந்த வாரமும் ஓடியது. காதல் இருந்தது சார், கல்யாணம்தான் இல்லை.

சிரித்தவர்களில் இரண்டு பேர் நேற்று போன் செய்தார்கள். எடுக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், ஹாவிஷாமேதான் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.