18,000 ரூபாய்க்கு ஒரு கிளிப்பச்சை

"ஓடுதுல்லா? பிறகென்ன?" என்று பழைய வாட்ச் விற்கிற எவனாவது இனிமேல் என்னிடம் சொன்னால், குடித்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஓடாமல் என்ன செய்யும்? சாவி கொடுத்தால் ஓடுவதுதானே அதன் வேலை. எங்கள் தெருவில் மழையில் கிடக்கிற லூனாகூடத்தான் தள்ளினால் ஓடும். அதற்கு யாரும் 18,000 கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி, தக்கலை, அழகியமண்டபம் என்று நின்று நின்று மார்த்தாண்டம் போய் இறங்க ஒன்றரை மணி நேரம். எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்துக்காக. "எச்எம்டி பைலட், பக்கா ஒரிஜினல், ஒரே ஆள் கட்டினது." படத்தில் வாட்சைவிடப் பூந்தொட்டி பெரிதாக இருந்தது, வெயில் சரியாகக் கண்ணாடியில் விழுந்து டயலே தெரியவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும். டயல் தெரியாத படமும், பின்மூடியைத் திறந்து காட்டாத படமும் வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பத்து தடவை பட்டாச்சு. இருந்தாலும் "நேரில் நல்லாயிருக்கும்" என்று ஒரு நப்பாசை வரும் பாருங்கள், அதைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆள் நல்ல மனுஷன், அதைச் சொல்லாவிட்டால் பாவம். உட்கார வைத்தார், காப்பி வந்தது, முறுக்கு வந்தது. அப்புறம் உள்ளே போய், மஞ்சள் துணியில் பொதிந்ததைக் கல்யாண நகை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்தார்.

கிளிப்பச்சை.

எனக்குத் தெரிந்த பைலட்டுக்குக் கறுப்பு டயல். இது கிளிப்பச்சை. ஐயா, கோயில் திருவிழாவுக்கு வண்டி மாட்டுக்குக் கொம்பில் அடிக்கிற பச்சை. பெயிண்ட் அவ்வளவு கனம், 12-க்குப் பக்கத்தில் திரண்டு மேடாகவே நிற்கிறது. நிமிஷக் கோடுகள் ஒரு பக்கம் போக, எண்கள் வேறொரு பக்கம் போகின்றன, 4 மட்டும் குடித்துவிட்டு வந்தவன் போல ஒருக்களித்துச் சாய்ந்திருக்கிறது. கீழே பொடி எழுத்தில் இருக்க வேண்டிய "17 ஜூவல்ஸ்" (உள்ளே மெஷினில் இருக்கிற கற்களின் கணக்கு) நசுங்கிப்போன எறும்பு வரிசை. லென்ஸைக் கண்ணில் வைத்தால், முள்ளில் இருக்கிற ஒளிப்பூச்சு பழுத்துப் பீடிக்கறை நிறத்தில் இருக்கிறது, டயல் எண்களில் இருக்கிற பூச்சு நேற்று அடித்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ஒரே வாட்சில் முள்ளுக்கு ஒரு வயசு, எண்ணுக்கு ஒரு வயசா? வினாடி முள் வேறு ஏதோ சின்ன வாட்சிலிருந்து பிடுங்கி மாட்டினது, கோடு வரைக்கும் எட்டவே இல்லை, பாவம், பாதி வழியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கேஸைத் தேய்த்துத் தேய்த்து, வார் மாட்டுகிற இடமெல்லாம் குளிமுறியில் கரைந்துபோன சோப்புத்துண்டு கணக்காக மழுங்கிவிட்டது. அதைத்தான் "புதுசு போல மின்னுது" என்கிறார்.

"என்ன மக்கா, பேச்சையே காணல்ல?"

"அண்ணே, டயலுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு."

"ச்சே, அந்தக் காலத்துல அப்பிடித்தான் வரும். எனக்க அப்பா மஸ்கட்டுல இருந்து கொண்டுவந்தது கேட்டியா."

மஸ்கட். 1961-ல் பெங்களூரில், ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் கூட்டோடு வாட்ச் செய்யத் தொடங்கின எச்எம்டி. அதில் இந்த ஒரு வாட்ச் மட்டும் பாஸ்போர்ட் எடுத்து, மஸ்கட்டில் நாலு வருஷம் வேலை பார்த்து, லீவுக்கு மார்த்தாண்டம் வந்திருக்கிறது. நம் ஜில்லாவில் வளைகுடாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்தது ஜப்பான் வாட்சான சீக்கோ 5. கிழமை காட்டுகிற கட்டத்தில் அரபி எழுத்தும் வரும், அங்கே வாங்கினது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் அதற்கும் கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் ஒருத்தர் "60 வருசம் பழசு" என்று காட்டின சீக்கோவில் 7எஸ்26 மெஷின். அந்த மெஷினே 1996-ல்தான் வந்தது. பின்மூடி நம்பரில் முதல் எண் வருஷத்தின் கடைசி எண், அடுத்தது மாதம், எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் நம்பர் சொல்லிவிடும். இதைச் சொன்னதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, ஏதோ அவர் அப்பாவையே சந்தேகப்பட்ட மாதிரி.

சரி, மார்த்தாண்டத்துக்கு வருவோம். பின்மூடியைத் திறக்கலாமா என்று கேட்டேன். "திறந்தா பவர் போயிருமே" என்றார். எந்தப் பவர் என்று நான் கேட்கவில்லை. திறந்தேன். சுற்றியிருக்கிற ரப்பர் வளையம் கீலாக உருகி ஒட்டிக்கிடக்கிறது, சாவித்தண்டு முழுக்கச் செந்துரு, ஸ்குரூ தலைகளை எவனோ கத்தி முனையால் திருகிக் குதறி வைத்திருக்கிறான். வாட்சின் துடிப்பைக் கேட்டு வேகம் சொல்கிற ஆப்பைப் போனில் திறந்து பக்கத்தில் வைத்தேன். மணிக்கு 18,000 துடிப்பு இருக்க வேண்டிய மெஷின் இது (துடிப்புக்கு ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்டுத்தான் விலை வைத்தாரோ என்னவோ), ஒரு நாளைக்கு மூணு நிமிஷம் முந்தி ஓடுகிறது. அதைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பெருமை.

"முந்தி ஓடுதுன்னா நல்லதுதானே மக்கா? மெஷின் அவ்வளவு ஸ்ட்ராங்கு."

இதற்கு மேல் நான் என்ன பேச? பேசினேன், அதுதான் தப்பு. அண்ணே, மெஷின் கெட்டால் மாற்றலாம், அந்தக் கம்பெனி செய்து தள்ளின எண்ணிக்கைக்கு உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை, டயல் போனால் போனதுதான், முகமே போன வாட்சுக்கு விலை பாதிகூட நிற்காது என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். சர்வீசுக்கு ஒரு 800, சரியான வினாடி முள் தேடிப் பிடிக்க ஒரு தொகை, இதெல்லாம் கழித்து 1,500 தருகிறேன் என்றேன். அவர் போனை நீட்டினார். இன்டர்நெட்டில் எவனோ இதே பச்சைக்கு 45,000 போட்டிருக்கிறான்.

"போட்டிருக்கான் அண்ணே. போச்சா?"

போட்ட விலை வேறு, போன விலை வேறு. இது தெரியாமல்தான் 2016-ல் எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்ததிலிருந்து, வீட்டுக்கு வீடு மேசை இழுப்பறை புதையல் குழியாகிவிட்டது. துருப்பிடித்த எச்எம்டி ஜனதாவா? அபூர்வம். வார் இல்லாத சோனாவா? அபூர்வம். ஒரு காலத்தில் பாதி வாத்தியார்மாரின் கையில் கிடந்தது எப்படி அபூர்வமாகும் என்று கேட்டால் நமக்கு ரசனை இல்லை.

கடைசியில் அவர் துணியை மடிக்க ஆரம்பித்தார். "அப்பாக்க நினைவு மக்கா. இதுக்கெல்லாம் விலை வைக்க முடியுமா?" விலை வைக்க முடியாததற்குத்தான் 18,000 வைத்திருக்கிறார். சரி, நினைவு என்றால் அப்பா பார்த்துப் பார்த்து மணி சொன்ன அந்த முகத்தை ஏன் சுரண்டினீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. காப்பி குடித்த வீடு, விட்டுவிட்டேன்.

எழுந்து செருப்பு மாட்டும்போது அவர் கேட்டார், "மணி எத்தர ஆச்சு?"

கையைத் திருப்பிப் பார்த்தேன். என் அப்பாவின் ஜனதா. டயல் தொடாதது, முள் மாற்றாதது, அந்த அரை மணி நேரப் பாடத்தில் நான்கு தடவை உதாரணமாக நீட்டிக் காட்டினது. 8:20-ல் நின்றுகொண்டிருக்கிறது. காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாவி கொடுக்க மறந்துவிட்டேன். அவரும் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, மஞ்சள் துணியை மறுபடி பிரித்து, பச்சையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"இது ஓடுதுல்லா?"

படி இறங்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். பசி. ரசவடை கேட்டேன். அவன் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையைக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு கரண்டி ரசத்தை ஊற்றி நீட்டுகிறான். கரண்டியால் அமுக்கினால் வடை திருப்பி அமுக்குகிறது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. ரசவடை என்றால் விடிய முன்னே ஊறப்போட வேண்டாமா ஓய்? கேட்டால், "ஒரு பத்து நிமிசம் வச்சிருந்து தின்னுங்க, ஊறிரும்" என்கிறான். எந்த வாட்சைப் பார்த்துப் பத்து நிமிஷம் எண்ண?