கடற்காற்று இருந்தால் காற்று மாசு வராதா?

"திருகோணமலைக்குக் கடற்காற்று இருக்கிறது, குப்பைப் புகையெல்லாம் கடலுக்குப் போய்விடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது மாசு கடல் தாண்டித்தான் வந்தது; நாடு முழுக்க அரச பாடசாலைகளை மூடவேண்டியதாயிற்று.

அப்புறம், கண்ணில் படும் தூசியைவிட 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த நுண்துகள்தான் ஆபத்து. தலைமுடித் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். 1993இல் அமெரிக்க ஆய்வாளர் டக்ளஸ் டொக்கரி குழுவினர் 6 அமெரிக்க நகரங்களில் 8,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வில், மாசு மிகக் கூடிய நகரத்தில் இறப்பு வீதம் மாசு மிகக் குறைந்த நகரத்தைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது.

தயவுசெய்து அந்தச் செய்தியை நம்பி வளவில் பொலித்தீன் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையிலும் இதே நுண்துகள்தான். முதலில் போவது பக்கத்து வீட்டுக்குள்.